அண்ணா சாலை: ஒரே கோட்டின் மேல் இத்தனை சுமை ஏன்?

தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை அண்ணா சாலையின் மேலே ஓர் உயர்மட்டச் சாலை கட்டும் திட்டத்துக்கு 2024 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். நீளம் 3.2 கி.மீ. மதிப்பு 621 கோடி ரூபாய். அந்த வழியாகத் தினமும் போய்வருகிறவர்கள் அன்றிலிருந்து கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். அதே இடத்தில் கீழே மெட்ரோ ஓடுகிறதே, அதன் தலைமேல் பாலம் கட்டலாமா? மெட்ரோவுக்காக வருடக்கணக்கில் தோண்டிப் போட்ட சாலையை மறுபடியும் ஏன் மறிக்கிறார்கள்? எதைச் செய்தாலும் இந்த ஒரு சாலையில்தான் செய்ய வேண்டுமா, வேறு வழியே கிடையாதா?

இவற்றில் மூன்றாவது கேள்விதான் அடிப்படை. அதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்ற இரண்டும் தாமாகப் புரியும். அந்த விடை இன்றைய போக்குவரத்து நெரிசலில் இல்லை. சென்னையின் ஆறுகளும் ஏரிகளும் எங்கே இருந்தன என்பதில் இருக்கிறது.

முதலில் சில சொற்கள்

நம் நாட்டில் சாலைகள் எப்படி அமைய வேண்டும் என்ற விதிமுறைகளை வகுப்பது இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு. (அரசியல் கட்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) நகரத்துச் சாலைகளை அது நான்கு வகையாகப் பிரிக்கிறது.

1. பெருஞ்சாலை. நகரத்தின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு நேராகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இதற்கு ஒதுக்க வேண்டிய நிலத்தின் அகலம் 50 முதல் 60 மீட்டர். ரத்தக்குழாயோடு ஒப்பிட்டு இதைத்தான் ஆங்கிலத்தில் ஆர்ட்டீரியல் ரோடு என்கிறார்கள்.
2. துணைப் பெருஞ்சாலை. அகலம் 30 முதல் 40 மீட்டர்.
3. சேகரிப்புச் சாலை. தெருக்களிலிருந்து வரும் வண்டிகளைத் திரட்டிப் பெரிய சாலையில் கொண்டுவந்து விடுவது. 20 முதல் 30 மீட்டர்.
4. உள்தெரு. வீட்டு வாசல் வரை போவது. 10 முதல் 20 மீட்டர்.

எல்லாச் சாலைக்கும் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, வண்டிகளைக் கடத்திவிடுவது. இன்னொன்று, கடைக்கும் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் வருகிறவர்களை வாசலில் சேர்ப்பது. இந்த இரண்டு வேலைகளும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாதவை. ஒரு கடை வாசலில் ஆட்டோ நின்று ஆளை இறக்கும் அந்த அரை நிமிடத்துக்கு, பின்னால் வருகிற ஒரு லேன் முழுக்க ஒதுங்கித்தான் போயாக வேண்டும். பெருஞ்சாலை கடத்துவதற்கு, உள்தெரு சேர்ப்பதற்கு என்று வகை பிரிப்பதன் காரணமே இதுதான்.

இந்தச் சண்டையில் எவ்வளவு இழக்கிறோம் என்பதற்கு அதே அமைப்பின் கணக்கு ஒன்று இருக்கிறது. போக்குவரத்துப் பொறியாளர்கள் எல்லா வண்டிகளையும் கார் அளவில் மாற்றி எண்ணுவார்கள். ஒரு கார் 1 என்றால் ஒரு இருசக்கர வண்டி 0.5 முதல் 0.75, ஒரு பஸ் 2.2 முதல் 3.7. இதைச் சுருக்கமாகக் கார்க் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். நடுவில் தடுப்புள்ள ஆறு லேன் சாலையில், பக்கத்துக் கட்டடங்களுக்கு நேரடி வாசல் இல்லை, நிற்கும் வண்டிகள் இல்லை, குறுக்குப் போக்குவரத்து மிகக் குறைவு என்றால், இரு திசையும் சேர்த்து மணிக்கு 5,400 கார்க் கணக்கு வரை திட்டமிடலாம். அதே ஆறு லேனில் பக்கத்து வாசல்களைத் திறந்துவிட்டால் 4,300தான். வாசல்களுக்காக மட்டும் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது.

அண்ணா சாலை வேலையால் முதல் வகை. உடம்பால் இரண்டாவது வகை. விமான நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் போகிற வண்டிகளைக் கடத்துகிறது. அதே நேரத்தில் இரு ஓரங்களிலும் மசூதி, கல்லூரி, நீதிமன்றம், வங்கி, வணிக வளாகம் என்று வாசலுக்கு வாசல் நின்று நின்று ஆட்களை இறக்குகிறது.

எங்கே தொடங்கி எங்கே முடிகிறது

பெயர்ப்பலகையில் அண்ணா சாலை என்றிருக்கிறது. ஆனாலும் பேச்சில் பாதிப் பேருக்கு இன்னும் மவுண்ட் ரோடுதான். இந்தப் பழைய பெயரிலேயே சாலையின் நோக்கம் இருக்கிறது: மவுண்ட் என்பது பரங்கிமலை. கோட்டையிலிருந்து அந்த மலைக்குப் போகிற ரோடு.

தீவுத்திடல் பக்கம், சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரை மேல் சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சிலையை வைத்தது 1839இல். அங்கிருந்து கூவம் பாலத்தைத் தாண்டினால் சிம்சன், பெரியார் சிலை, ஓமந்தூரார் அரசினர் தோட்டம். வாலாஜா சாலை வந்து சேரும் முனையில் ஒற்றை விரல் நீட்டி நிற்கிற அண்ணா சிலை. 1968 ஜனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டித் திறந்தது. அப்புறம் 1904இல் கட்டிய ஹிக்கின்பாதம்ஸ் கட்டடம், 1959இல் திறந்தபோது நாட்டிலேயே உயரமாக இருந்த எல்.ஐ.சி., ஸ்பென்சர். ஆயிரம் விளக்கு மசூதி தாண்டி ஜெமினி. பிறகு டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்கக வளாகம்), தேனாம்பேட்டை, எஸ்.ஐ.இ.டி. (மகளிர் கல்லூரி), நந்தனம், சைதாப்பேட்டை. அங்கே அடையாற்றைக் கடந்தால் சின்னமலை, கிண்டி, கடைசியில் கத்திப்பாரா.

மொத்தம் 11, 12 கிலோமீட்டர். கத்திப்பாராவில் அண்ணா சாலை என்ற பெயர் முடிகிறது, ஆனால் ஓட்டம் முடியவில்லை. அங்கிருந்து ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) ரோடு தெற்கே விமான நிலையம், தாம்பரம், செங்கல்பட்டு என்று போகிறது. இன்னொரு கிளை பூந்தமல்லிக்கு. நூறடி ரோடு வடக்கே வடபழனி, கோயம்பேடு பக்கம். தென் தமிழ்நாட்டிலிருந்து வரும் நெடுஞ்சாலையின் போக்குவரத்து ஒரு நகரத் தெருவின் வாயில் வந்து விழுகிற இடம் கத்திப்பாரா.

வரைபடத்தைத் திறந்து பார்த்தால் இன்னொன்று கண்ணில் படும். சென்னையின் கடற்கரை வடக்கு தெற்காக நேராக ஓடுகிறது. மயிலாப்பூர், ராயப்பேட்டை, தியாகராய நகர்த் தெருக்களில் பலவும் ஏறக்குறைய அந்தத் திசையை ஒட்டியோ அதற்குக் குறுக்காகவோ போகின்றன. அண்ணா சாலை மட்டும் வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் சாய்ந்து எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு போகிறது. சாய்ந்த கோடு சதுரக் கட்டங்களை வெட்டும் இடங்களில் ஒழுங்கான நாற்சந்தி அமையாது. கோணல் முனைகளும் ஐந்து கிளைச் சந்திப்புகளும்தான் வரும். ஜெமினியில் நுங்கம்பாக்கம், ஜி.என். செட்டி ரோடு, கதீட்ரல் ரோடு மூன்றும் அண்ணா சாலையின் இரு பக்கங்களோடு வந்து முட்டுவது அதனால்தான்.

இந்தக் கோடு எப்படி விழுந்தது

கிழக்கிந்தியக் கம்பெனி கடலோரத்தில் கோட்டை கட்டத் தொடங்கியது 1640இல். பரங்கிமலை அதற்கு முன்பே பேர்பெற்ற இடம். புனித தோமையார் உயிர்விட்ட இடம் என்ற நம்பிக்கையில் போர்த்துகீசியர் 1523இலேயே அதன் உச்சியில் தேவாலயம் கட்டிவிட்டார்கள். பின்னாளில் அதன் அடிவாரத்தில் ராணுவ முகாமும் வந்தது. கோட்டையிலிருந்து யாத்திரைக்கும் படைக்கும் போகிற வழி என்றால் அது இந்தத் திசைதான்.

வழியில் தடை அடையாறு. மழைக்காலத்தில் ஆறு பெருகினால் அந்தப் பக்கம் போக முடியாது. 1726இல் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் சைதாப்பேட்டையில் தம் கைப்பணத்தில் ஒரு பாலம் கட்டிக் கொடுத்தார். செலவு 30,000 வராகன் என்று சொல்வார்கள். பரங்கிமலைக்கு ஏறும் படிக்கட்டும் அவர் செய்ததுதான். இந்தப் பாலத்தின் பெயர் ஆங்கிலேயர் வாயில் மர்மலாங் பாலம். மாம்பலம் என்ற நம் பெயர் அப்படித் திரிந்தது. அதன் நினைவுக்கல்லில் ஆர்மீனியன், பாரசீகம், லத்தீன் மூன்று மொழியிலும் எழுத்து உண்டு. ஒரு சாலையின் தலையெழுத்தையே தீர்மானித்த கல் அது. இருநூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து, 1966இல், அதே இடத்தில் புதிய பாலம் வந்தது. இன்று நாம் கடக்கும் மறைமலை அடிகள் பாலம் அதுதான்.

ஆற்றைக் கடக்க ஒரே நல்ல பாலம் இருந்தால் எல்லாப் பாதையும் அதன் வாசலுக்கே வந்து சேரும். இது முதல் காரணம்.

இரண்டாவது காரணத்தைச் சென்னைவாசிகளே பலர் மறந்துவிட்டார்கள். இந்தச் சாலையின் மேற்குப் பக்கத்தில், நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை ஒரு நீண்ட ஏரி கிடந்தது. ஆங்கிலேயர் அதற்கு லாங் டேங்க் என்றே பெயர் வைத்திருந்தார்கள். நகரத்தின் மேற்கு எல்லையே அதுதான். சாலை ஏரிக்குக் கிழக்கே, அதை ஒட்டிப் போனது. 1920களில் அந்த ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா, டேங்க் பண்ட் ரோடு என்ற பெயர்கள் மட்டும் மிச்சம்.

இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் அங்கே தண்ணீர் நின்றதால், அண்ணா சாலைக்கு இணையாக மேற்கில் ஒரு பெருஞ்சாலை வர வாய்ப்பே இல்லை. தியாகராய நகர் வந்தபோது வீட்டுத் தெருக்களாகவும் கடைத் தெருக்களாகவும் வந்தது. அதற்கும் மேற்கே ரயில் பாதை. சைதாப்பேட்டை, மாம்பலம், கோடம்பாக்கம் என்று ஊரை இரண்டாக வெட்டுகிறது. அதைத் தாண்டினால்தான் நூறடி ரோடு. கிழக்கே வந்தால் அடையாறு வளைந்து வளைந்து கடலுக்குப் போகிறது. அதன் தென்கரையில் கிண்டி வனமும் ஆளுநர் மாளிகையும் ஐ.ஐ.டி. வளாகமும் பெரும் பரப்பை அடைத்திருக்கின்றன. காடு அங்கே இருப்பது ஊருக்கு நல்லது. அதை வெட்டிச் சாலை போட வேண்டும் என்று யாரும் கேட்கக்கூடாது. ஆனால் அந்தப் பக்கமும் இணைச் சாலை இல்லை என்பதுதான் நிலை.

2015 டிசம்பர் வெள்ளம் இதைக் கண்முன் காட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்ட அந்த நாட்களில் அடையாறு கரை புரண்டது. மறைமலை அடிகள் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். ஒரு பாலம் அடைபட்டதும் தெற்கிலிருந்து ஊருக்குள் வருகிற முதன்மை வழியே அடைபட்டுவிட்டது.

நந்தனம் சிக்னலில் ஒரு பச்சை விளக்கு

காலை 9 மணி வாக்கில் நந்தனத்தில் நின்று பார்த்தால் இந்தச் சாலையின் நோய் என்னவென்று ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். பச்சை விழுகிறது. முன்னால் நெருக்கியடித்து நிற்கும் பைக்குகள் உடனே பாய்கின்றன. அவற்றுக்குப் பின்னால் கார் நகர இரண்டு மூன்று நொடி. அதற்குப் பின்னால் பஸ். டிரைவர் கியர் போட்டு அசைய இன்னும் சில நொடி. இடது ஓரத்தில் ஆளுக்காக நிற்கும் ஆட்டோவைச் சுற்றிக்கொண்டு இரண்டாவது லேன் மூன்றாவதோடு முட்டுகிறது. சிக்னலைத் தாண்டியதும் பஸ் நிறுத்தம். அங்கே ஏற்கெனவே இரண்டு பஸ் நின்றால் மூன்றாவதன் வால் சந்திப்புக்குள்ளேயே நிற்கும். இதற்குள் விளக்கு மஞ்சளாகிவிடுகிறது.

கணக்காகச் சொன்னால் இப்படி:

1. தடையில்லாத ஒரு லேனில் இரண்டு நொடிக்கு ஒரு கார் போகலாம். மணிக்கு 1,800.
2. சந்திப்பில் வெங்கடநாராயணா ரோடு, சேமியர்ஸ் ரோடு என்று மற்றவர்களுக்கும் நேரம் கொடுக்க வேண்டும். அண்ணா சாலைக்கு நேரத்தில் 40 சதவீதம் பச்சை கிடைத்தால் 1,800 என்பது 720 ஆகிவிடும்.
3. ஒரு காருக்கு இரண்டு பேர் என்று தாராளமாக வைத்தாலும் அந்த லேனில் மணிக்கு 1,440 பேர்தான் போகலாம்.
4. அதே லேனை பஸ்ஸுக்கு மட்டும் கொடுத்து, பஸ்ஸுக்கு 3 கார்க் கணக்கு, 50 பேர் என்று வைத்தால் மணிக்கு 240 பஸ், 12,000 பேர்.

நான்காவது வரியில் வருகிற எண்ணிக்கையில் பஸ்கள் நிறுத்தத்தில் வரிசையாக நிற்க இடமிருக்காது, உண்மையில் அவ்வளவு ஓடாது. பாதி ஓடினாலே கார் லேனைவிட நான்கு மடங்கு ஆட்கள். சாலையின் திறன் வண்டிக் கணக்கிலா, ஆள் கணக்கிலா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் நெரிசலைப் பற்றிப் பேசினால் எல்லா விவாதமும் கடைசியில் இன்னொரு பாலம் என்பதில்தான் வந்து நிற்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, சாலையின் நடுப்பகுதி எவ்வளவு அகலமாக இருந்தாலும் பயனில்லை. சந்திப்பு எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான். குழாய் எத்தனை பெரிதானாலும் தண்ணீர் அதன் குறுகலான இடத்தின் அளவுக்கே வரும். அதனால்தான் ஐம்பது வருடமாகச் செய்த எல்லா வைத்தியமும் சந்திப்புகளைச் சுற்றியே நடந்தது.

இதுவரை செய்த வைத்தியங்கள்

1. ஜெமினி மேம்பாலம், 1973. சென்னையின் முதல் மேம்பாலம். ஜெமினி ஸ்டுடியோ பக்கத்தில் இருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அரசுப் பெயர் அண்ணா மேம்பாலம். நேராகப் போகிறவர்களை மேலே ஏற்றி, திரும்புகிறவர்களைக் கீழே விடுவது இதன் தத்துவம். அந்தச் சந்திப்பில் நேர்ப்போக்கு சிக்னலுக்குக் காத்திருப்பது நின்றது. காத்திருப்பு அடுத்த சிக்னலுக்குப் போனது.

2. கத்திப்பாரா, 2008. நான்கு இதழ் கொண்ட பூப்போன்ற வடிவம். நம் நாட்டில் இடதுபுறமாக ஓட்டுகிறோம், ஆகவே வலப்பக்கம் திரும்புவதுதான் எதிர்வண்டியோடு மோதும் திருப்பம். இந்த வடிவத்தில் வலப்பக்கம் போக வேண்டியவர் நேராகப் பாலத்தைக் கடந்து, இடப்பக்கமாக முக்கால் வட்டம் சுற்றி இறங்குகிறார். யாரும் யாருக்கும் குறுக்கே வருவதில்லை, சிக்னலே வேண்டாம். ஒரு குறை உண்டு: ஓர் இதழிலிருந்து இறங்குகிறவரும் அடுத்த இதழில் ஏறுகிறவரும் சில மீட்டருக்குள் ஒருவர் பாதையில் ஒருவர் நுழைந்து மாற வேண்டும். புதிதாக வருகிறவர்கள் அங்கே தடுமாறுவதற்குக் காரணம் இதுதான்.

3. ஒருவழிப் பாதை. மெட்ரோ வேலைக்காக ஆயிரம் விளக்கு, ஸ்பென்சர், எல்.ஐ.சி. பக்கம் சாலையைப் பல ஆண்டுகள் ஒருவழியாக்கினார்கள். எதிர்த்திசையில் வருகிறவர்கள் ஒயிட்ஸ் ரோடு, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு என்று சுற்றிப் போனார்கள். கடை வைத்திருந்தவர்களுக்கு அது கொடுமையான காலம்.

4. மெட்ரோ. இதுதான் உண்மையான புதிய கொள்ளளவு. சற்று விரிவாகப் பார்க்கலாம்.

தரைக்குக் கீழே

நீல வழித்தடத்தில் அரசினர் தோட்டம், எல்.ஐ.சி., ஆயிரம் விளக்கு, ஏ.ஜி.-டி.எம்.எஸ்., தேனாம்பேட்டை, நந்தனம், சைதாப்பேட்டை எல்லாம் சுரங்க நிலையங்கள். சின்னமலையில் ரயில் தூண்கள் மேல் ஏறிவிடுகிறது. சின்னமலைக்குத் தெற்கே விமான நிலையம் வரை 2016 செப்டம்பரிலும், டி.எம்.எஸ். வரை 2018 மேயிலும், அங்கிருந்து வண்ணாரப்பேட்டை வரை 2019 பிப்ரவரியிலும் ஓடத் தொடங்கியது. நான்கு பெட்டி ரயில் ஒன்றில் 1,276 பேர் போகலாம். ஆறு நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு திசையில் மணிக்கு 12,000க்கு மேல். சிக்னலில் நிற்காது, மழைக்கு முடங்காது என்பது வேறு.

ஏன் இத்தனை வருடம் சாலையைத் தோண்ட வேண்டியிருந்தது? சுரங்கமும் நிலையமும் இரண்டு விதமான வேலை. சுரங்கத்தை இயந்திரம் பூமிக்குள்ளேயே குடைந்துகொண்டு போய்விடும், மேலே தெரியாது. நிலையத்தை அப்படிக் குடைய முடியாது. மேலிருந்து பெரிய பெட்டி போலத் தோண்டி, சுவர் எழுப்பி, கூரை போட்டு மூட வேண்டும். ஒரு நிலையத்துக்குச் சாலையின் பெரும்பகுதி அகலம் தேவைப்படும்.

குடைகிற இடத்திலும் ஆபத்து இல்லாமல் இல்லை. இயந்திரத்தின் முகத்தில் மண்ணும் நிலத்தடி நீரும் கொடுக்கும் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தை அது திருப்பிக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். ஓரிடத்தில் பாறை, அடுத்த அடியில் இளகிய மண் என்று மாறி மாறி வரும்போது அந்தச் சமன் தவறினால் மண் உள்ளே சரியும். மேலே வெற்றிடம் உண்டாகும். 2017 ஏப்ரல் 9 அன்று சர்ச் பார்க் பள்ளிக்கு எதிரே சாலை திடீரென உள்வாங்கி ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் குழிக்குள் இறங்கியதே, அது மெட்ரோ சுரங்கப் பணி நடந்துகொண்டிருந்த பாதை. நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை. அந்தப் படம் மக்கள் மனதில் நின்றுவிட்டது. இப்போது பாலத்தைப் பற்றி வரும் பயத்துக்கும் பாதிக் காரணம் அதுதான்.

சுரங்கத்தின் மேல் பாலம் கட்டலாமா?

கட்டலாம். ஆனால் சாதாரண மேம்பாலம் கட்டுகிற முறையில் கட்ட முடியாது.

வழக்கமாக மேம்பாலத் தூணுக்குக் கீழே ஆழமாகத் துளை போட்டு, கம்பி இறக்கி, கான்கிரீட் நிரப்புவார்கள். பைல் என்பது இதுதான். பாலத்தின் எடையை மேல்மண்ணைத் தாண்டி உறுதியான அடுக்குக்குக் கொண்டுபோவது அதன் வேலை. அண்ணா சாலையில் அந்த ஆழத்தில் ஏற்கெனவே இரண்டு சுரங்கக் குழாய்கள் அக்கம்பக்கமாக ஓடுகின்றன. பைல் குழாயைத் தொடவே கூடாது. தொடாவிட்டாலும் பக்கத்தில் இறங்கும் எடை சுற்றியிருக்கும் மண்ணை அழுத்தி, வட்டமான குழாயைக் கொஞ்சம் நசுக்கப் பார்க்கும். துளை போடும்போது மண் தளர்வது இன்னொரு கவலை.

இதற்கு மூன்று வழிகளில் தீர்வு தேடலாம்.

1. தூண் நிற்கும் இடத்தைக் குழாய்களுக்கு விலகிய இடமாகப் பார்த்து வைப்பது.
2. ஆழத்துக்குப் போகாமல், அகலமான அடித்தளம் போட்டு எடையைப் பரப்பிவிடுவது. ஒற்றைக் காலில் நிற்பதற்கும் பாயில் படுப்பதற்கும் உள்ள வித்தியாசம்.
3. பாலத்தின் எடையையே குறைப்பது. கான்கிரீட்டுக்குப் பதில் எஃகு.

இந்தத் திட்டத்தில் பட்டறையில் முன்கூட்டியே தயாரித்த எஃகுப் பாகங்களைக் கொண்டுவந்து பொருத்துவதாக அரசு அறிவித்திருக்கிறது. மெட்ரோ சுரங்கத்தின் மேல் அமையும் நாட்டின் முதல் மேம்பாலம் என்றும் சொல்கிறது. எஃகுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: சாலையின் நடுவே சாரம் கட்டி, கான்கிரீட் ஊற்றி, காய்வதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். இரவில் கொண்டுவந்து தூக்கி வைக்கலாம்.

கவனிக்க வேண்டிய இடம் நந்தனம். இரண்டாம் கட்ட மெட்ரோவில் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் வழித்தடமும் அங்கேதான் முதல் வழித்தடத்தைச் சந்திக்கிறது. மேலே பாலம், தரையில் சாலை, கீழே ஒரு சுரங்கம், அதற்குக் குறுக்காக இன்னொரு சுரங்கம்: நான்கு அடுக்கு. கட்டும் காலத்திலும் கட்டிய பின்னும் அங்கே சுரங்கச் சுவரில் ஏற்படும் மிகச் சிறிய அசைவையும் கருவி வைத்து அளந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த அளவீடுகளை அவ்வப்போது பொதுமக்கள் பார்வைக்கு வைத்தால் வீண் வதந்திகளுக்கும் இடமிருக்காது.

திறந்த பிறகு யாருக்கு என்ன மாறும்

நேராகப் போகிறவர்களுக்கு லாபம் உறுதி. எல்டாம்ஸ் ரோடு, செனடாப் ரோடு, நந்தனம், சி.ஐ.டி. நகர், ஜோன்ஸ் ரோடு என்று வரிசையாக நிற்கும் சந்திப்புகளைக் கால் வைக்காமல் தாண்டிவிடலாம். ஜெமினியிலிருந்து விமான நிலையம் போகும் ஒருவருக்கு இது பெரிய விடுதலை. நேர்ப்போக்கு மேலே போய்விட்டால் கீழே சிக்னல் நேரத்தையும் மாற்றிப் பங்கிடலாம். தியாகராய நகரிலிருந்து ஆழ்வார்பேட்டைக்குக் குறுக்கே போகிறவர்களுக்குக் காத்திருப்பு குறையும். முன்னே சொன்ன இரண்டு வேலைகளில் கடத்துவதை மேலேயும் சேர்ப்பதைக் கீழேயும் பிரித்து வைப்பதுதான் இந்தத் திட்டத்தின் சாரம். யோசனை தவறானதல்ல.

சிக்கல் இரு முனைகளில் இருக்கிறது. வடக்கு முனையில் இறங்குகிறவர்கள் டி.எம்.எஸ்., ஜெமினி வரிசையில் போய்ச் சேருவார்கள். தெற்கு முனையில் இறங்கினால் எதிரே மறைமலை அடிகள் பாலம். மேலிருந்து வருகிற ஓட்டமும் கீழிருந்து வருகிற ஓட்டமும் அங்கே ஒன்றாகி ஆற்றைக் கடக்க வேண்டும். பாலத்துக்கு அப்பால் சின்னமலை, சர்தார் படேல் ரோடு சந்திப்பு, கிண்டி. 1726இல் எந்த இடத்தில் வழி குறுகியதோ, அதே இடத்தில்தான் 621 கோடி ரூபாய்ச் சாலையும் வந்து இறங்குகிறது.

புதிய இடம் கிடைத்தால் புதிய வண்டிகள் வரும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். இப்போது நெரிசலுக்குப் பயந்து ரயிலில் போகிறவர், நேரம் மாற்றிக் கிளம்புகிறவர், நூறடி ரோட்டில் சுற்றுகிறவர் எல்லோரும் பாலம் வேகமாக இருக்கிறது என்று தெரிந்ததும் அங்கே வந்துவிடுவார்கள். மறைந்திருந்த தேவை வெளியே வருவது என்று இதைச் சொல்வார்கள். கிடைத்த நேரத்தில் ஒரு பகுதி அதிலேயே கரைந்துவிடும்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு மேலே ஒன்றுமில்லை. நிறுத்தங்கள் எல்லாம் கீழே. பஸ் கீழேதான் ஓடியாக வேண்டும். ஆகவே அவர்களுக்கு நன்மை வருமா என்பது முழுக்க முழுக்கக் கீழ்ச்சாலையை என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. தூண்களும் அடித்தளமும் நடுவில் இடம் பிடித்த பிறகு மிஞ்சும் அகலத்தில் பஸ்ஸுக்குத் தனி லேன் ஒதுக்கினால், மேலே கார் வேகமாகப் போகிற அதே நேரத்தில் கீழே பஸ்ஸும் வேகமாகப் போகும். ஒதுக்காமல் விட்டால் காலியாகும் இடத்தைக் காலையிலேயே நிறுத்தி வைக்கிற கார்கள் பிடித்துக்கொள்ளும். இது பாலம் திறப்பதற்கு முன்பே கோடு போட்டு முடிவு செய்ய வேண்டிய விஷயம். அப்புறம் கேட்டால் யாரும் இடம் தர மாட்டார்கள்.

நடந்து போகிறவர்கள் நிலையும் அப்படியே. எஸ்.ஐ.இ.டி. நிறுத்தத்தில் இறங்கும் கல்லூரிப் பெண்களும், சைதாப்பேட்டையில் நீதிமன்றத்துக்கு வருகிற வயதானவர்களும் இதே சாலையைக் குறுக்கே கடக்கிறார்கள். நேர்ப்போக்குக்குச் சிவப்பு விழும்போதுதான் இப்போது அவர்களுக்கு வழி கிடைக்கிறது. கீழே சிக்னலைக் குறைத்து வண்டிகளை விரட்டினால் அந்தச் சில நொடியும் போய்விடும். மெட்ரோ நிலையங்களின் படிக்கட்டுகள் சாலையின் இரு பக்கமும் திறக்கிற இடங்களில், ரயில் ஏறாதவர்களும் கீழே இறங்கி மறுபக்கம் ஏறிப் போகலாம். தேனாம்பேட்டையிலும் நந்தனத்திலும் சைதாப்பேட்டையிலும் அந்த வழிகளைப் பெரிய எழுத்தில் பலகை வைத்துக் காட்டுவதும், லிஃப்ட் வேலை செய்கிறதா என்று தினம் பார்ப்பதும் 621 கோடியில் ஒரு தூசு அளவுகூட ஆகாத செலவு. பாலத்தின் முதல் வண்டி ஓடுகிற நாளிலேயே இதுவும் தயாராக இருக்க வேண்டும்.